தூவிய விதையும் எண்ணாத செடியும்

வறண்டு சீரழிந்த நிலத்தில் அந்த மண்ணுக்கே உரிய காட்டுப் பூச்செடிகளின் விதையைத் தூவி அதை மீட்கலாம் என்றால் மறுத்துப் பேச யாருக்கும் மனம் வராது. செலவு குறைவு என்று தோன்றும். படம் எடுத்தால் அழகாக இருக்கும். தவறிப்போனாலும் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். இந்தச் சலுகைகளாலேயே இந்த முறையைக் கறாராக எடைபோடுபவர்கள் குறைவு. விதை முளைத்ததா, முளைத்தது நின்றதா, நின்றது மறுபடி விதை போட்டதா என்ற மூன்று கேள்விகளில் முதல் கேள்வியோடு பெரும்பாலான திட்ட அறிக்கைகள் முடிந்துவிடுகின்றன.

மூன்றையும் கேட்பதற்குப் போதுமான பதிவு உள்ள இடங்களில் ஒன்று அமெரிக்காவின் மேற்கிலுள்ள கிரேட் பேசின். நெவாடாவின் பெரும்பகுதி, மேற்கு யூட்டா, ஓரிகன், ஐடஹோ, கலிபோர்னியா மாநிலங்களின் சில பகுதிகள் அதில் அடங்கும். அங்கே ஓடும் ஆறு எதுவும் கடலைச் சேர்வதில்லை. உள்நாட்டு ஏரியிலோ உப்புத் தரையிலோ வற்றிப்போகும். ஈரத்தின் பெரும்பங்கு குளிர்காலப் பனியாக வருவது. நம்முடைய மரிக்கொழுந்தின் பேரினத்தைச் சேர்ந்த சேஜ்பிரஷ் என்ற சாம்பல்நிறப் புதர்தான் அந்த நிலத்தின் முகம். புதர்களுக்கிடையே கொத்துக்கொத்தாகப் பல்லாண்டுப் புற்கள். புல்லுக்கும் புதருக்கும் நடுவே பூச்செடிகள்: துத்திக்கு உறவான ஆரஞ்சுநிறக் குளோப்மாலோ, நீலப்பூ ஆளிச்செடி, லூபின், பென்ஸ்டமன், காட்டுப் பக்வீட் வகைகள். மொத்தப் பசுமையில் இவற்றின் பங்கு சிறியது. ஆனால் காட்டுத்தேனீக்களுக்கு இவைதான் சோறு. சேஜ் கிரவுஸ் என்னும் தரைப்பறவையின் குஞ்சுகள் முதல் சில வாரங்களில் வளர்வது இந்தச் செடிகளின் இலையையும் பூவையும், அவற்றை நாடி வரும் பூச்சிகளையும் தின்றுதான்.

இந்த அமைப்பைக் குலைத்தது சீட்கிராஸ் என்ற ஓராண்டுப் புல். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யூரேசியாவிலிருந்து வந்து, அளவுமீறிய மேய்ச்சலால் நலிந்திருந்த நிலத்தில் பரவியது. இலையுதிர் காலத்திலேயே முளைத்துவிடும். வசந்தத்தில் மற்றச் செடிகள் விழித்துக்கொள்ளும்போது மேல்மண் ஈரத்தை அது குடித்து முடித்திருக்கும். கோடை தொடங்கும்போதே காய்ந்து சருகாகிக் கிடக்கும். புதருக்குப் புதர் இடைவெளி இருந்ததால் முன்பு பரவ முடியாத தீ, இப்போது அந்தச் சருகுப் பாயின் மேல் தடையில்லாமல் ஓடுகிறது. பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை எரிந்த இடங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எரிகின்றன. சேஜ்பிரஷ் எரிந்தால் வேரிலிருந்து துளிர்க்காது. சீட்கிராஸ் விதை மண்ணிலேயே காத்திருக்கும். அமெரிக்கச் சூழலியலாளர் ஆல்டோ லியோபால்ட் 1949இல் வெளிவந்த தன் நூலில் இந்தப் புல்லின் படையெடுப்பைப் பற்றி எழுதியிருக்கிறார். அன்றைக்கே அது பழைய செய்தி. 2015 ஆகஸ்டில் ஐடஹோ, ஓரிகன் எல்லையில் மூண்ட சோடா தீ மட்டும் ஒரு லட்சம் ஹெக்டேருக்கு மேல் எரித்தது.

எரிந்த நிலத்தில் சீட்கிராஸ் முந்திக்கொள்வதற்குள் வேறு எதையாவது விதைத்துவிட வேண்டும் என்ற அவசரத்திலிருந்துதான் அங்கே விதைப்பு வளர்ந்தது. முதலில் விதைத்தது நாட்டு விதை அல்ல. 1930களிலிருந்து பல லட்சம் ஹெக்டேரில் கிரெஸ்டட் வீட்கிராஸ் என்ற ரஷ்ய, சைபீரியப் புல்லை விதைத்தார்கள். மலிவு, எளிதாக முளைக்கும், மாடு தின்னும். நாட்டுப் பூச்செடிகளின் பக்கம் கவனம் திரும்பியது மிகவும் பின்னால். 2001இல் தொடங்கிய 'சீட்ஸ் ஆஃப் சக்சஸ்' திட்டம் காட்டிலிருந்து விதை சேகரிக்கக் கட்டுப்பாடான ஒரு முறையை வகுத்தது. ஒரு செடிக்கூட்டத்தில் சேகரிக்கும் நாளில் கிடைக்கும் விதையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது அதன் விதி. 2015இல் தேசிய விதை உத்தி ஒன்றையும் வெளியிட்டார்கள். சரியான இடத்தில், சரியான நேரத்தில், சரியான விதை என்பது அதன் குறிக்கோள். குறிக்கோளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விளைச்சலைத்தான் பார்க்க வேண்டும்.

விதைப்பின் ஆதரவாளர்கள் முதலில் எடுத்துக்காட்டுவது 2021இல் 'நேச்சர் எக்காலஜி அண்ட் எவல்யூஷன்' இதழில் வந்த ஆய்வு. ஆறு கண்டங்களில் 174 இடங்கள், 671 தாவர இனங்கள், ஏறத்தாழ 5 லட்சத்து 94 ஆயிரம் பதிவுகள். வறள்நில விதைப்பைப் பற்றி இவ்வளவு பெரிய தொகுப்பு அதற்கு முன் இல்லை. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு விதைப்புகளில், தூவிய இனங்கள் அனைத்தும் முதல் கணக்கெடுப்பில் உயிரோடு இருந்தன. 17 விழுக்காடு திட்டங்களில் ஓர் இனம்கூடத் தலைகாட்டவில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல மதிப்பெண்தான். வறண்ட நிலத்தில் ஆறில் ஐந்து பங்குத் திட்டங்களில் ஏதோ ஒன்று முளைத்திருக்கிறது என்றால் எவருக்கும் மகிழ்ச்சி வரும்.

ஆனால் அந்த ஆய்வையே இன்னும் இரண்டு வரி கூடுதலாகப் படிக்க வேண்டும். ஓர் இனம் அங்கே 'இருக்கிறது' என்பதுதான் அளவுகோல். எத்தனை செடி, எவ்வளவு நிலத்தை மூடியது, பூத்ததா என்பது வேறு கணக்கு. ஆண்டுகள் ஓட ஓட, விதைத்த இனங்கள் தொடர்ந்து குறைந்துவந்ததையும் அதே ஆய்வு சொல்கிறது. மூன்றாவது கண்டுபிடிப்புதான் நம் பொருளை நேரடியாகத் தொடுகிறது: பெரிய விதைகள் நிலைபெறும் வாய்ப்பு அதிகம், விதைப்பு அளவு கூடினால் வாய்ப்பும் கூடும். காட்டுப் பூச்செடிகளில் பலவற்றின் விதை பொடிப்பொடியானது. விலை அதிகம் என்பதால் கலவையில் அவற்றைச் சிட்டிகைக் கணக்கில்தான் சேர்க்கிறார்கள். ஆக, வெற்றிக்கு உதவும் இரண்டு காரணிகளிலும் பூச்செடி பின்தங்கி நிற்கிறது. புல் பெற்ற மதிப்பெண்ணைப் பூவின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

விதை எங்கே தோற்கிறது என்பதில்தான் பலருடைய ஊகம் தவறிப்போகிறது. மழை போதவில்லை, முளைக்கவில்லை என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். கிழக்கு ஓரிகனில் ஜெர்மி ஜேம்ஸும் அவருடன் பணிபுரிந்தவர்களும் பல்லாண்டுப் புற்களின் விதையைப் புதைத்து, கட்டம் கட்டமாக எண்ணிப் பார்த்து 2011இல் எழுதினார்கள். முளைப்பு நன்றாகவே இருந்தது. முளைத்த விதையில் மிகப் பெரும்பங்கு மண்ணைப் பிளந்து வெளியே வரவில்லை. வெளியே வந்த நாற்றுகளில் கணிசமானவை பிழைத்துக்கொண்டன. சாவு நடப்பது இடையில், யார் கண்ணுக்கும் படாத இரண்டொரு சென்டிமீட்டரில். இலையுதிர்கால ஈரத்தில் விதை முளைவிடுகிறது. அதன்பின் மாதக்கணக்கில் மண் உறைந்து, இளகி, மறுபடி உறைகிறது. பூஞ்சணம் பிடிக்கிறது. மேல்மண் பொருக்குத் தட்டி இறுகுகிறது. வெள்ளைத் தண்டு அதற்குள்ளேயே மடிகிறது. இது புற்களில் நடந்த ஆய்வு என்பதை மறக்கக் கூடாது. பூச்செடிகளுக்கு இதற்கு முன்னாலும் ஒரு தடை இருக்கிறது. பென்ஸ்டமன் விதை வாரக்கணக்கில் ஈரக் குளிரில் கிடந்தாலொழிய விழிக்காது. குளோப்மாலோவின் விதையுறை நீரை உள்ளே விடாது, உராய்த்துவிட வேண்டும். நம் ஊரில் பசுந்தாளுக்குக் கொழுஞ்சி விதைப்பவர்களுக்கு இது புதிதல்ல. கொழுஞ்சி விதையை மணலோடு சேர்த்துத் தேய்த்தோ கொதிநீரில் சிறிது நேரம் போட்டெடுத்தோதான் விதைக்கிறார்கள். இப்படி ஒவ்வோர் இனத்துக்கும் ஒவ்வொரு பக்குவம் இருக்கும்போது, பத்து இனங்களை ஒரே மூட்டையில் கலந்து ஒரே நாளில் தூவினால் எந்த இனத்துக்கு அது சரியான நாள்?

தூவும் முறைக்கு வருவோம். பரப்பு பெரிது, நிலம் கரடுமுரடு என்றால் விமானத்திலிருந்தும் ஹெலிகாப்டரிலிருந்தும் தூவுகிறார்கள். விதை மண்ணின் மேல் கிடக்கும். எலிகளும் எறும்புகளும் தின்றது போக மிஞ்சியது காற்றில் உலரும். கிரேட் பேசினில் 1990 முதல் 2003 வரை எரிந்து விதைக்கப்பட்ட இடங்களையும், எரிந்தும் விதைக்காமல் விட்ட இடங்களையும் ஒப்பிட்டு 2014இல் ஓர் ஆய்வு வந்தது. வானிலிருந்து தூவிய இடங்களில் பல்லாண்டுத் தாவரங்கள் கூடியதற்குத் தடயம் மிகக் குறைவு. மண்ணைக் கீறி விதையைப் புதைக்கும் இயந்திரத்தால் விதைத்த இடங்களில் பலன் தெரிந்தது, அதுவும் ஈரமும் குளிர்ச்சியும் உள்ள உயர்ந்த நிலங்களில். தாழ்வான, வெப்பமான, வறண்ட நிலத்தில், அதாவது சீட்கிராஸ் மிக மோசமாகத் தாக்கியிருக்கும் இடத்தில், விதைப்பின் கை மிகவும் தாழ்ந்தே இருந்தது. உயர்ந்த நிலத்திலோ, கடும் தீ இல்லாவிட்டால் பழைய புற்களும் பூச்செடிகளும் வேரிலிருந்து தாமாகவே துளிர்க்கக்கூடியவை. தேவை குறைந்த இடத்தில் நன்றாக வேலை செய்வதும், தேவை மிகுந்த இடத்தில் கைவிடுவதும்தான் இந்த முறையின் மீது என் முதன்மையான குற்றச்சாட்டு.

நாட்டு விதை என்று மூட்டையில் எழுதியிருப்பது நாட்டு விதைதானா என்பதையும் பார்த்தாக வேண்டும். 'ஆப்பர்' என்ற ஆளி வகையின் கதை ஒன்று போதும். தெற்கு டகோட்டாவின் பிளாக் ஹில்ஸ் பகுதியில் எடுத்த விதையிலிருந்து தேர்ந்தெடுத்து, அமெரிக்க நாட்டு ஆளி என்று நம்பி 1980இல் அதை வெளியிட்டார்கள். நீலப்பூ, நல்ல விளைச்சல், உறுதியான முளைப்பு. மீட்பு விதைப்புகளில் அது பரவலாகப் புழங்கியது. பிறகுதான் தெரிந்தது, அது ஐரோப்பாவிலிருந்து வந்து டகோட்டாவில் குடியேறிவிட்ட அயல் இனம் என்று. யூட்டாவில் சேகரித்த உண்மையான நாட்டு ஆளி 'மேப்பிள் குரோவ்' என்ற பெயரில் பின்னர் வந்தது. ஆப்பர் சீட்கிராஸைப் போல் அழிவு வேலை செய்யவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் தாவரவியல் வல்லுநர்கள் நிறைந்த துறையிலேயே இது நடக்கும் என்றால், 'நாட்டுக் காட்டுப்பூக் கலவை' என்று கடையில் விற்கும் பொட்டலத்தை எந்த நம்பிக்கையில் வாங்குவது?

இனம் சரியாக இருந்தாலும் ஊர் சரியாக இருக்க வேண்டும். கிரேட் பேசின் தாவரங்களில் 75 ஆண்டுகளாக நடந்த நடவுச் சோதனைகளைத் திரட்டிப் பார்த்த ஆய்வு 2019இல் வந்தது. ஒரே இனத்துக்குள் ஊருக்கு ஊர் வேறுபாடு மிக வலுவானது என்றும், உள்ளூர்ச் செடிக்குத் தன் மண்ணில் அனுகூலம் உண்டு என்பதற்குப் பரவலான சான்று இருக்கிறது என்றும் அது காட்டியது. அப்படியானால் தட்பவெப்பம் ஒத்த ஒவ்வொரு விதை மண்டலத்துக்கும் தனித்தனியே விதை பெருக்கியாக வேண்டும். பூச்செடி விதையைப் பயிராக விளைவிப்பது எளிதல்ல. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் மால்ஹ்யூர் ஆய்வுப் பண்ணை, மண்ணுக்கடியில் சொட்டுநீர் பாய்ச்சி ஒவ்வோர் இனத்துக்கும் எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் சோதித்திருக்கிறது. அதெல்லாம் உண்மையான உழைப்பு. ஆனால் தீ எந்த ஆண்டு எங்கே மூளும் என்று தெரியாமல் ஓர் உழவர் எந்த மண்டலத்தின் விதையை விளைவிப்பார்? தீ இல்லாத ஆண்டில் யாரும் வாங்கமாட்டார்கள். தீ பெருகிய ஆண்டில் கிடைத்ததை வாங்குவார்கள். அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் 2023இல் வெளியிட்ட அறிக்கை, நாட்டு விதையின் தேவைக்கும் வரத்துக்கும் உள்ள இடைவெளியை விரிவாகச் சொல்லி, அரசு அமைப்புகள் முன்கூட்டியே வாங்கிச் சேமிக்க வேண்டும் என்று வற்புறுத்தியது. அந்தச் சேமிப்பு வரும்வரை 'சரியான விதை' என்பது தாளில்தான் இருக்கும்.

இந்த இடத்தில் எதிர்த்தரப்புக்கும் நியாயம் செய்ய வேண்டும். விதைக்காமல் இருப்பது ஒன்றும் நடுநிலை இல்லை என்கிறார்கள் அவர்கள். காலியாக விட்டால் சீட்கிராஸ் வரும், மறுபடி எரியும். இது வலுவான வாதம். இதை என்னால் தள்ள முடியவில்லை. இதிலிருந்துதான் சிலர், முதலில் கிரெஸ்டட் வீட்கிராஸை விதைத்துத் தீயை அடக்குவோம், பிறகு நாட்டுச் செடிகளைக் கொண்டுவருவோம் என்று வாதிடுகிறார்கள். முதல் பாதி நடக்கிறது. அந்தப் புல் சீட்கிராஸை நிஜமாகவே ஒடுக்குகிறது. இரண்டாம் பாதிதான் நடப்பதில்லை. கிரெஸ்டட் வீட்கிராஸ் பிடித்த நிலம் பல பத்தாண்டுகள் ஒரே புல்லாகவே கிடக்கிறது. உழுதும் களைக்கொல்லி தெளித்தும் அதற்குள் நாட்டுச் செடிகளை நுழைக்க எடுத்த முயற்சிகளில் மீண்டு எழுந்தது பெரும்பாலும் அந்தப் புல்லேதான். பாலம் என்று சொல்லிக் கட்டியதன் மறுகரைக்கு யாரும் போய்ச் சேரவில்லை. தீயைத் தடுக்கும் பட்டைகளாக, சாலையோரம், ஊரோரம் அதை வைத்துக்கொள்ளலாம். மீட்பு என்ற பெயரை அதற்குக் கொடுக்க முடியாது.

தொழில்நுட்பம் உதவுமா? சில யோசனைகள் கெட்டிக்காரத்தனமானவை. பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் மேத்யூ மேட்சன் குழுவினர் விதைக்கு ஆப்சிசிக் அமிலப் பூச்சுக் கொடுத்து, இலையுதிர் காலத்தில் முளைக்கவிடாமல் வசந்தம்வரை உறங்கவைக்கப் பார்க்கிறார்கள். உறைபனிச் சாவைத் தவிர்க்கும் நேர்வழி இது. இன்னொன்று, கிளர்வூட்டிய கரித்தூளில் விதையைப் பொதிந்து விதைத்துவிட்டு மேலே களைக்கொல்லி தெளிப்பது. கரி தன்னைச் சுற்றியுள்ள மருந்தை உறிஞ்சி விதையைக் காக்கும். வெளியே உள்ள சீட்கிராஸ் சாகும். நோயைச் சரியாக அறிந்து செய்யும் மருத்துவம் என்பதால் இவற்றை மதிக்கிறேன். ஆயினும் விதைக்கு விதை பூச்சு, இனத்துக்கு இனம் அளவு என்று போகும்போது 'மலிவான முறை' என்ற வாதம் தானாகக் கரைந்துவிடுகிறது.

தொழில்நுட்பத்தைவிட எனக்கு நம்பிக்கை தருவது பழைய மானாவாரி அறிவு. வானம் பார்த்த பூமியில் உழுபவர் வீட்டிலுள்ள விதை முழுவதையும் முதல் மழையை நம்பிப் போட்டுவிடமாட்டார். பொய்த்தால் மறுவிதைப்புக்கு ஒரு பங்கு குதிரில் இருக்கும். கிரேட் பேசினில் நிதி ஒதுக்கீடு தீக்குப் பிந்தைய ஓரிரு ஆண்டுகளை ஒட்டியே பாய்வதால், அந்த ஆண்டு வறண்டால் விதை அத்தனையும் வீண். ஒரே அளவு விதையை நான்கைந்து இலையுதிர் காலங்களுக்குப் பிரித்து விதைத்தால் ஏதாவது ஓர் ஆண்டு கைகொடுக்கும். இதற்குப் புதிய கண்டுபிடிப்பு வேண்டாம், கணக்கு எழுதும் விதி மாறினால் போதும். பரப்பு முழுவதும் மெல்லியதாகத் தூவுவதற்குப் பதில், நல்ல மண்ணுள்ள சிறு திட்டுகளில் களையை அடக்கி, பூச்செடிகளைச் செறிவாக வளர்த்து, அங்கிருந்து விதை பரவவிடும் யோசனையும் இருக்கிறது. திட்டுகள் உண்மையில் விரிவடையும் என்பதற்கு நீண்டகாலச் சான்று இன்னும் மெலிதுதான். ஆனால் தோற்றால் இழப்பு சிறிது. வென்றால் உள்ளூர் விதைக்கு ஒரு தாய்த்தோட்டம் மிஞ்சும்.

சிறிய பரப்பில் ஆளும் நேரமும் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை இந்தியாவிலேயே பார்க்கலாம். ஜோத்பூரில் மெஹ்ரான்கர் கோட்டையின் அடியில் ஏறத்தாழ 70 ஹெக்டேர் எரிமலைப் பாறை நிலம் சீமைக்கருவேலத்தின் பிடியில் இருந்தது. 2006இல் இயற்கையியலாளர் பிரதீப் கிருஷன் அங்கே வேலையைத் தொடங்கினார். பாறையை அறிந்த கல்லுடைக்கும் தொழிலாளர்கள் ஒவ்வொரு வேரையும் உளியால் குடைந்து எடுத்தார்கள். அந்தக் குழிகளில் தார்ப் பாலைவனத்தின் பாறைச் செடிகளை நாற்றங்காலில் வளர்த்து நட்டார்கள். இன்று அது ராவ் ஜோதா பாலைவனப் பாறைப் பூங்கா. அங்கே முதலில் நடந்தது அகற்றல், நடவு அதற்குப் பின்புதான். அந்த வரிசை முக்கியம்.

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சுக்கு நேரடித் தொடர்புள்ள ஒன்று விதைப்பந்து. ஜப்பானிய இயற்கை உழவர் மசானபு ஃபுகோகா பரப்பிய களிமண் உருண்டை, இங்கே பள்ளி விழாக்களிலும் பிறந்தநாள்களிலும் லட்சக்கணக்கில் எறியப்படும் மரவிதைப் பந்தாக மாறியிருக்கிறது. களிமண் உறை எறும்பிடமிருந்தும் எலியிடமிருந்தும் விதையைக் கொஞ்சம் காக்கும், உண்மை. முளைத்த பிறகு வரும் வறட்சியிலிருந்தும் ஆடுமாட்டிடமிருந்தும் சீமைக்கருவேல நிழலிலிருந்தும் அது காக்காது. அதைவிடப் பெரிய சிக்கல், பந்து விழும் இடம் பெரும்பாலும் புல்லும் தும்பையும் ஆவாரையும் கொழுஞ்சியும் ஏற்கெனவே வாழும் முல்லை நிலமாக இருப்பது. மரம் இல்லாததால் அதை வெறும் நிலம் என்று எண்ணிவிடுகிறோம். எத்தனை பந்து எறிந்தோம் என்பது செய்தித்தாளில் வரும். எத்தனை மரமானது என்பது வருவதில்லை. கிரேட் பேசினில் குறைந்தபட்சம் திரும்பிப்போய் எண்ணினார்கள். அதனால்தான் அவர்களைக் குறை சொல்ல நம்மால் முடிகிறது.

என் தீர்ப்பு இது. வறண்ட, தாழ்வான, களை ஆண்டுகொண்டிருக்கும் நிலத்தில் நாட்டுப் பூவிதையை வானிலிருந்து தூவுவதை நிறுத்த வேண்டும். அது அரிதாகச் சேகரித்த விதையை எலிக்கும் காற்றுக்கும் கொடுப்பது. வேர்கள் பிழைத்திருக்கும் உயர்நிலத்தில் முதல் இரண்டு ஆண்டு மேய்ச்சலைத் தள்ளிவைத்துவிட்டுப் பொறுத்திருப்பது பல இடங்களில் விதைப்பைவிட மேல். இன்னும் கெடாத சேஜ்பிரஷ் நிலத்தைத் தீயிலிருந்தும் சீட்கிராஸிலிருந்தும் காப்பதற்கே பணத்தின் முதல் பங்கு போக வேண்டும்; கெட்ட நிலத்தை மீட்கும் செலவோடு ஒப்பிட்டால் அதுவே சிக்கனம். களை ஆளும் தாழ்நிலத்துக்கும் வேர் பிழைத்த உயர்நிலத்துக்கும் நடுவில் உள்ள நிலத்தில் விதைப்புக்கு இடமுண்டு: களையை அடக்கிய பின், மண்ணைக் கீறிப் புதைத்து, அந்த மண்டலத்தின் விதையால், சிறு திட்டுகளில், பல ஆண்டுகளுக்குப் பிரித்து. அப்படிச் செய்தால் பூவிதைப்பு பயனுள்ள துணைக்கருவி. இழந்த நிலத்தைத் திருப்பித் தரும் மாற்று என்று அதை விற்பவர்களை நம்ப வேண்டாம்.

விதைப்புக்கு நன்கொடை கேட்டு யாராவது வந்தால், கிரேட் பேசினாக இருந்தாலும் நம் ஊர்ப் புறம்போக்காக இருந்தாலும், ஐந்து ஆண்டுக்கு முன் விதைத்த இடம் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே இப்போது எத்தனை செடி காய்த்து நிற்கிறது என்ற எண்ணிக்கை அவர்களிடம் இருந்தால் கொடுங்கள்.